சுவரில் வரைந்த பின்கதவு

எங்கள் துறையின் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போதைய விரிவுரையாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "உங்கட அனுபவம் எங்களுக்கு வழிகாட்டும், சேர்" என்றார். ஓய்வுபெற்ற பிறகு எட்டிப் பார்க்காதவர்கள், மலரில் சில பக்கங்கள் வெறுமையாகக் கிடந்ததும் என்னைத் தேடிவிட்டார்கள். போகட்டும். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். மூக்குக்கண்ணாடியைவிடச் சற்றே பெரிய ஒரு சாதனத்தை மாட்டிக்கொண்டு மாணவர்கள் சிரித்தபடி நிற்கிறார்கள். அதை மாட்டினால் எரிகிற கட்டடத்துக்குள் நிற்பதுபோலத் தெரியுமாம். தீப்பிடித்தால் மனிதர்கள் எந்த வழியால் ஓடுகிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். "இந்த ஆய்வை இங்கே முதலில் தொடங்கியவர்கள் நாங்கள்தான்" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி வேறு. அடப்பாவிகளா!

முதலில் தொடங்கியவர்கள் நாங்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில், கண்டி நகரத்தில், அடிக்கடி நின்றுபோகும் மின்சாரத்தை நம்பித் தொடங்கினோம். எங்கள் சாதனத்தை அணிந்து யாரும் சிரித்ததில்லை. அதன் பாரத்தில் கழுத்துத்தான் வலித்தது.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் கொஞ்சக் காலம், வானொலி திருத்தும் கடையில் கொஞ்சக் காலம், அதன் பின் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர்தான் நீளம். வேலை என்னவென்றால், பேராசிரியர்கள் உடைப்பதை ஒட்டுவது, அவர்கள் உடைத்ததை உடைந்தே வந்தது என்று எழுதிக் கொடுப்பது. இதில் எனக்கு இணையாக மலைநாட்டிலேயே ஆள் கிடையாது.

என்னுடைய பேராசிரியர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனை. எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்பார். மழை பெய்கிறது சேர் என்றால், யன்னலால் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.  விரிவுரையாளர்கள் பலர் அந்தக் கண்ணாடித் துணியைப் பார்த்ததுமே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சம்பளக் குறைப்பு, இடமாற்றம் என்று எனக்கு ஏதாவது வந்தபோதெல்லாம் எனக்காக மேலிடத்தில் போய் நின்றவரும் அவர்தான். அதைப் பற்றிக் கதைத்தால் பிடிக்காது. "வேலையைப் பாரும், செல்வராஜ்" என்பார்.

வெளிநாட்டு நண்பர் ஒருவர் அவருக்கு அந்தப் பழைய சாதனத்தை அனுப்பிவைத்தார். முன்னால் இரண்டு சின்னத் திரை, பின்னால் பட்டி, உச்சியிலிருந்து ஒரு தடித்த வயர். எங்கள் ஆட்கள் அதற்குத் தலைப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். அதை மாட்டிவிடுவது என் பொறுப்பு. முதலில் உள்பஞ்சை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், ஏனென்றால் முந்தி அணிந்தவரின் தேங்காய் எண்ணெய் அதில் ஊறியிருக்கும். பிறகு பட்டியை இறுக்கி, கையில் ஒரு பிடியைக் கொடுத்து, "இந்தப் பொத்தான அமுக்கினா நடப்பீங்க" என்று சொல்ல வேண்டும். அணிந்தவர் அந்த மாய உலகத்தில் நடந்து திரும்பும்போது வயர் காலில் சுற்றாமல் பின்னாலேயே, கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நான் சுற்றிவர வேண்டும். தலை சுற்றியவர்களுக்கு இஞ்சி போட்ட, பால் இல்லாத பிளேன்டீ. பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி. வாளியைப் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுதவில்லை, ஆனால் வாளி இல்லாமல் ஆய்வு இல்லை.

கட்டடம் ஒன்று தேவைப்பட்டது. நகரத்தின் பெரிய வீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி தன் கடையைத் தந்தார். சும்மா தரவில்லை. கீழே கடை, மேல்மாடியில் தையல் பகுதி. அங்கே ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலிருந்து வரும் பெண்கள் தைத்தார்கள். கடைக்கு முன்னால் பெரிய கண்ணாடி வாசல், பின்னால் ஒழுங்கை என்கிற சிறு சந்துக்கு இறங்கும் படிக்கட்டும் ஒரு கதவும். அந்தப் பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட முதலாளி விரும்பினார். அதற்கு மாநகர சபையில் அனுமதி கேட்டபோது, முன்வாசல் ஒன்றே போதும் என்று ஒரு நிபுணர் கடிதம் தரவேண்டும் என்றார்கள். எங்கள் பேராசிரியர்தான் நிபுணர். அவர் போதும் என்று எழுதினால் கதவு போய்விடும். பிறகு தீப்பிடித்தால் மேல்மாடிப் பெண்கள் இறங்குவதற்கு ஒரே வழிதான் இருக்கும்.

கடையைக் கணினிக்குள் கட்டியவர் சமிந்த என்ற இளம் விரிவுரையாளர். சிங்களப் பிள்ளை, நல்ல மூளை, இரவு பகல் பாராமல் உழைப்பார். முதலாளி கொடுத்த வரைபடத்தில் பின்கதவு ஏற்கெனவே அடைபட்டிருந்தது. முதலாளிக்கு அவ்வளவு அவசரம். ஆனாலும் கடை அந்தக் கடைபோலவே இருக்கவேண்டும் என்று சமிந்த அந்தச் சுவரில் ஒரு கதவைப் படமாக ஒட்டிவைத்தார். பார்த்தால் கதவு. கைப்பிடிகூட மினுங்கும். ஆனால் திறக்காது.

முன்வாசலுக்கு வெளியே வீதி வெறிச்சோடிக் கிடந்தால் நன்றாக இல்லை என்று அங்கே ஒரு கூட்டத்தையும் நிறுத்தினார். மனிதர்களைப் புதிதாக வரைய நேரமில்லை. அவரிடம் ஏற்கெனவே கிரிக்கெட் பார்க்கும் ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது. எல்லோரும் ஒரே முகம், ஒரே கோடுபோட்ட சட்டை, எல்லோரும் கையை உயர்த்தித் துள்ளுவார்கள். அவர்கள் கையில் கொடிகள் இருந்தன. கொடி அசைந்தால் கணினி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. ஆகவே கொடித் துணிகளை மட்டும் நீக்கிவிட்டார். கம்புகள் மிஞ்சின. சத்தத்துக்கு ஒரு மெட்ச்சில் பதிந்த ஆரவாரத்தைச் சேர்த்தார். தீயின் செவ்வெளிச்சம் கண்ணாடியில் பட்டு வெளியே அந்த முகங்களில் ஆடும். "ரியல் மாதிரி இருக்கு, இல்லையா அண்ணே?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார். இருந்தது. நான் இயந்திரத்தைச் சோதிக்கும்போது பலமுறை அந்தக் கூட்டத்துக்குள்ளால் நடந்து போயிருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் உலகம் முடிந்து வெறும் நீல நிறம் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பயப்படவில்லை.

மாணவர்களை வைத்து முதலில் நடத்தினோம். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். தீ மணி அடித்ததும் விறுவிறென்று முன்வாசலால் வெளியே போய்க் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். ஒருவன் கையை உயர்த்தி அவர்களோடு சேர்ந்து துள்ளவும் செய்தான். பேராசிரியர் மகிழ்ந்துபோனார். "பாரும், மனிசர் வெளிச்சத்தை நோக்கித்தான் போவினம்" என்றார். கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டார்.

அடுத்தது கடை ஊழியர்கள். அவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு விட முதலாளி சம்மதிக்கவில்லை. ஆகவே கடைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மண்டபத்துக்கு நாங்கள் இயந்திரத்தைக் கொண்டுபோனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் என் பெயரைப் படித்த சிப்பாய்க்கு என்மேல் அக்கறை கூடியது. பெட்டியைத் திறந்தான். உள்ளே வயர் தொங்கும் ஒரு தலை.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"நெருப்புப் பார்க்கிறது" என்றேன். இதைவிட மோசமான பதிலை யாரும் எந்தச் சாவடியிலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"எங்கே நெருப்பு?"

"உள்ளுக்குள்ளே."

அணிந்து காட்டச் சொன்னான். கணினி இல்லாமல் அதற்குள் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. கண்டி வீதியில், பட்டப்பகலில், கண்ணை மூடிய தலைப்பெட்டியோடு இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். சிப்பாயின் துவக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. பேராசிரியர் வாகனத்திலிருந்து இறங்கி, பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினார். அவருடைய பெயரும் என் பெயரைப் போன்றதுதான் என்பதால் அவரையும் என் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். கடைசியில் சமிந்த வந்து நாலு வார்த்தை பேசினார், விட்டுவிட்டார்கள். வாகனத்துக்குள் ஏறியதும் பேராசிரியர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

ஊழியர்களில் முதலில் வந்தவர் ஃபாரூக் நானா. அக்குறணை முஸ்லிம், கடையில் மூத்த விற்பனையாளர். மணி அடித்தது. கூட்டத்தின் சத்தம் எழுந்தது. மனிதர் ஓடவில்லை. முன்வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் மேலே தூக்கி எதையோ பலமாகப் பிடித்து இழுத்தார். அவருடைய கை பட்டு மண்டபத்தின் மேசைவிளக்கு பறந்து சமிந்தவின் மடியில் விழுந்தது.

"என்ன காணும் செய்யிறீர்?" என்றார் பேராசிரியர்.

"ஷட்டரப் போடுற, சேர்."

"நெருப்பு உள்ளுக்கை! வெளியாலை ஓடவேணும்!"

"கூட்டம் சத்தம் போட்டா மொதல்ல ஷட்டரத்தானே சேர் போடுற? வாப்பா அப்பிடித்தான் பழக்கின" என்றார் நானா. பெட்டியைக் கழற்றியதும் முதலில் தன் பணப்பெட்டிச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த விற்பனைப் பையன்களும் அப்படித்தான். ஷட்டரை இழுத்தார்கள், இல்லையென்றால் பின்பக்கம் போனார்கள். பேராசிரியருடைய அழகான தலைப்பு ஆட்டம் கண்டது.

கமலா என்ற தையல்காரப் பெண்தான் எங்களுக்கு வாய்த்த பெரிய சிக்கல். ஹந்தானையில் பிறந்தவர், தமிழர்களுக்கு எதிரான எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறு பிள்ளையாக இருந்திருப்பார். அமைதியான மனுஷி. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். மணி அடித்ததும் மேல்மாடியிலிருந்து ஒழுங்காகப் படியிறங்கினார். முன்வாசலைப் பார்த்தார். திரும்பினார். நேரே போய், சமிந்த ஒட்டிவைத்த கதவுக்கு முன்னால் நின்று கைப்பிடியைத் தேடினார். புகை வந்தது. திரை கறுத்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது.

"முன்வாசலாலை போகச் சொன்னனான் எல்லே, பிள்ளை?" என்றார் பேராசிரியர்.

"சரிங்க சேர்."

மறுபடியும் மாட்டினோம். மறுபடியும் அதே கதவு. மறுபடியும் இறந்தார். இப்படியே எத்தனை தரம் அந்தப் பெண்ணைச் சாகடித்தோமோ! ஒவ்வொரு தரமும் "சரிங்க" என்றுவிட்டுத்தான் போய்ச் செத்தார்.

"வெளியிலை ஆக்கள் நிக்கினம், காப்பாத்துவினம். அங்கை போறதுக்கு என்ன?"

"கம்பு வெச்சிக்கிட்டு நிக்கிறானுங்க சேர். எப்படிங்க போறது?"

"அது வெறும் படம், பிள்ளை!"

"நெருப்பும் படந்தானுங்களே சேர்" என்றார் கமலா. குறும்பாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

கணினிக்கு முன்னால் இருந்த சமிந்த அப்போதுதான் தன் கூட்டத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்தது. "அய்யோ அண்ணே, அது மெட்ச் பார்க்கிற ஆட்கள்" என்று என் காதுக்குள் சிங்களத்தில் சொன்னார். "சத்தியமா, மெட்ச் பார்க்கிற ஆட்கள்." பாவம், அவர் பிறந்ததே கலவரத்துக்குப் பிறகு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் எல்லோர்மேலும்தான் வந்தது.

கூட்டத்தை அழித்துவிடலாம் என்றேன். பேராசிரியர் ஒப்பவில்லை. மாணவர்களுக்குக் காட்டியதை ஊழியர்களுக்கு மாற்றிக் காட்டினால் ஒப்பிட முடியாதாம். பிறகு அவர் ஒரு முடிவைச் சொன்னார். என் முப்பத்துச் சொச்ச வருட உத்தியோகத்தில் அதைப் போன்ற ஒரு முடிவை நான் கேட்டதில்லை. "பின்கதவை நாடின எல்லாரும் செத்துப்போச்சினம். ஆகவே பின்கதவு ஆபத்தானது. அதை அடைக்கிறதுதான் பாதுகாப்பு." சுவரில் வரைந்த கதவால் போகமுடியாமல் செத்தவர்களைச் சாட்சியாக வைத்து உண்மையான கதவை அடைக்கப்போகிறார்! அதற்கு முறைப்படி ஆதாரம் வேறு இருந்தது.

பஞ்சை மாற்றுவதற்காகப் பெட்டியைத் திருப்பினேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்று மெதுவாகக் கேட்டார். "அந்தக் கதவ அடைக்கப் போறாங்களாமே? நாங்க சரியா செய்யாததுனாலயா?"

 மேலே தைக்கிற அத்தனை பெண்களின் வழியையும் தான் கெடுத்துவிட்டதாக அந்த மனுஷி நம்பிக்கொண்டிருந்தார்.  "சேர், இந்தப் பிள்ளையோட வேலை போதும்" என்று சற்றுச் சூடாகவே சொல்லிவிட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப்போகிறார், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டார்.

"கொண்டாரும் உந்தப் பெட்டியை. எப்பிடி வெளியேறுறதெண்டு நான் காட்டுறன். பிள்ளை, நீர் திரையைப் பாத்துக்கொண்டு நில்லும்."

பஞ்சைத் துடைத்து மாட்டிவிட்டேன். வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். மணி அடித்தது. பேராசிரியர் வகுப்பு எடுப்பதுபோலவே நடந்தார். "முதலாவது, பதற்றப்படக் கூடாது. ரெண்டாவது, கிட்ட இருக்கிற வழியை இனங்காணவேணும். இந்தா, படி. இறங்கிறன். இந்தா, முன்வாசல் தெரியுது. மூண்டாவது..."

மூன்றாவது வரவில்லை.

மெட்ச்சின் ஆரவாரம் மண்டபம் முழுக்க ஓங்கி ஒலித்தது. திரையில் ஒரே முகமுள்ள மனிதர்கள் கம்புகளோடு துள்ளிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் அசையாமல் நின்றார். பிறகு, என் கையிலிருந்த வயர் இழுபட, வேகமாகத் திரும்பினார். எங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்தச் சுவரை நோக்கிப் போனார். வெறும் காற்றில் அவருடைய விரல்கள் கைப்பிடியைத் தேடின. இல்லாத கதவில் உள்ளங்கையால் தட்டினார். மிகத் தாழ்ந்த குரலில், எங்கள் யாரிடமும் அல்லாமல், "பிள்ளையை என்னட்டைத் தா. நீ முன்னாலை இறங்கு" என்றார்.

கலவர வருடத்தில் அவர் கண்டியில்தான் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.  ஃபாரூக் நானா தரையைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தார், ஓதினார் என்று நினைக்கிறேன். திரையில் எழுத்து வருவதற்கு முன் சமிந்த பாய்ந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

பெட்டியைக் கழற்ற நான் கிட்டப் போனேன். பட்டியைத் தளர்த்திக் கழற்றினேன்.  மற்றவர்களில் கமலாதான் முதலில் அசைந்தார். இஞ்சிப் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு வந்து, "குடிங்க சேர். மொதத் தடவ எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். பேராசிரியர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

வாளி தேவைப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாரும் செல்வராஜ்" என்று எழுந்தார். நேரே கடைக்குப் போனோம்.

முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க சேர், வாங்க! கடிதம் கொண்டாந்திட்டீங்களா? நான் மேசனாரையும் வரச் சொல்லிட்டேன்."

"கதவைப் பாக்க வந்தனான்" என்றார் பேராசிரியர்.

கடைக்குப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்தது. பெரியசாமி என்ற மேசன் கலவையைக் குழைத்துவிட்டுப் பீடி பற்றவைத்திருந்தார். நிபுணர் கடிதத்துக்கு எவ்வளவு மரியாதை! கதவு பழைய பலாமரக் கதவு, கீழ்ப்பக்கம் கருகிய தடம் இன்னும் இருந்தது.

"ஏன் இதை அடைக்கவேணும் எண்டு நிக்கிறீர்?" என்று பேராசிரியர் கேட்டார்.

முதலாளி அதற்காகவே காத்திருந்தவர்போலப் பொரிந்தார். "ஏன்னா? கலவரத்துல இந்தக் கதவாலதான சேர் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனானுங்க! பட்டு, வேட்டி, தையல் மிஷின், ஒண்ணு விடல. முன்னால கொளுத்திட்டுப் பின்னால அள்ளுனானுங்க. அப்பா சாகுற வரைக்கும் இதே பேச்சுத்தான், அந்தக் கதவு மட்டும் இல்லாட்டி, அந்தக் கதவு மட்டும் இல்லாட்டின்னு. நான் அடைக்கிறேன் சேர். எங்க அப்பாவுக்காக அடைக்கிறேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அவரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேராசிரியர் கருகிய பலகையை விரலால் தடவினார். கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். கதவு திறந்தது. ஒழுங்கையின் வெயில் உள்ளே விழுந்தது.

"அவங்கள் அள்ளிக்கொண்டு போறதுக்கு முதல்" என்றார், "இதாலை ஆர் போனது?"

"முதல்ன்னா?"

"முன்னுக்குக் கொளுத்தேக்கை. இதாலை வெளியிலை போனது ஆர்?"

முதலாளி கதவைப் பார்த்தார். மேல்மாடியில் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாங்கதான் சேர்" என்றார். குரல் சின்னப் பையனின் குரலாகிவிட்டது. "அம்மா, அப்பா, நான், தங்கச்சி. தங்கச்சிக்குச் செருப்புகூட இல்ல."

பேராசிரியர் ஆதாரம் கேட்கவில்லை. மூன்று பேரும் அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் நின்றோம். பெரியசாமி பீடியை அணைத்துவிட்டு, "மொதலாளி, கலவ இறுகுதுங்க. ஆரம்பிக்கவா?" என்று கேட்டார்.

முதலாளி முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"அதக் கொண்டுபோயி கக்கூஸ் செவுத்துக்குப் பூசு" என்றார்.